கோவளத்துக் காலைப் பலகாரம்

பட்டுத்தறி உள்ள வீட்டில் காலை உணவு எல்லோரும் ஒருங்கே அமர்ந்து உண்பதன்று. ஆரணியில் தறிக்குழியில் கால் வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இதனை நன்கு அறியும். இழை தெளிவாகத் தெரியும் காலை வெளிச்சத்தை வீணாக்க மனம் வராது. ஆகவே ஒருவர் தறியில் அமர்ந்திருக்க, மற்றவர் உண்பார். பிள்ளைகள் பள்ளிக்கு ஓடும் அவசரத்தில் நின்றபடியே விழுங்குவர். பட்டின்மேல் ஒரு துளி எண்ணெய் பட்டாலும் சேலை கெட்டது. எனவே குழம்பு தொட்ட கையைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, முகர்ந்து பார்த்த பின்னரே நாடாவைத் தொடுவோம். அனைவரும் எழுந்துபோன பின் பிள்ளைகளின் தாய் அடுப்பருகே நின்றவாறே ஆறிப்போன மீதியை உண்பார். இதனை எவரும் விதித்ததில்லை. எவரும் மாற்றியதும் இல்லை.

ஒரு பாவு நெய்து முடிந்து, அடுத்த பாவு தறியேறும் இடைவெளியில்தான் எங்களுக்கு வெளியூர்ப் பயணம் வாய்க்கும். நெய்த சேலைக்கே கூலி. உட்காராத நாளுக்கு ஒன்றுமில்லை. எனினும், எண்பது வயதைக் கடந்த எங்கள் பாட்டி, கடலைக் காணாமலே கண்மூடிவிடுவேனோ என்று அடிக்கடி சொல்லத் தொடங்கியிருந்தார். அதன்பின் கணக்குப் பார்க்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை ஐவரும் காஞ்சிபுரம், செங்கற்பட்டு வழியாகப் பேருந்து மாறி மாறி, நூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து கோவளம் சேர்ந்தோம்.

கேரளத்துக் கோவளமன்று, சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே உள்ள மீனவர் ஊர். தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் அளிக்கப்படும் 'நீலக்கொடி' என்னும் பன்னாட்டுச் சான்றினை 2021இல் பெற்ற கடற்கரை. (1751இல் ஆரணியருகே போரிட்ட இராபர்ட் கிளைவ், மறு ஆண்டே கோவளம் கோட்டையைப் பிடித்தான். நாங்கள் அறிந்தவரை இவ்விரண்டு ஊர்களுக்கும் வேறு உறவில்லை என்றே எண்ணியிருந்தோம்.)

ஞாயிறு காலை, அங்குள்ள பழமையான கார்மேல் அன்னை ஆலயத்தில் திருப்பலி கண்டோம். பாட்டி நள்ளிரவுக்குப் பின் எதுவும் உட்கொள்ளவில்லை. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசம் போதுமென்று 1964இலேயே திருத்தந்தை ஆறாம் பவுல் தளர்த்திவிட்டார். ஆனால் அதற்கு முன்பே புதுநன்மை வாங்கியவர் எங்கள் பாட்டி. கற்ற வழக்கத்தை விடுவாரா? திருப்பலி முடிந்ததும், "பசிக்குதடா" என்று அவரே முதலில் கூறினார். அவர் வாயிலிருந்து அச்சொல்லைக் கேட்டு எத்தனை ஆண்டுகளோ!

ஆலயத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் வழியில் ஓர் இட்லிக் கடை. மேலே கீற்று, கீழே மணல், இரண்டு பெஞ்சுகள்; பெயர்ப்பலகை கிடையாது. கடைக்கார அம்மாள் துணி விரித்த தட்டிலிருந்து இட்லிகளைப் பெயர்த்து, ஆவி பறக்க இலையில் இட்டார். சட்னியும் இருந்தது, ஆனால் அவர் பெருமையோடு ஊற்றியது முதல்நாள் வைத்த காரப்பொடி மீன் குழம்பு. புளியும் காரமும் இரவெல்லாம் மீனில் ஊறியிருந்தன. புதுக்குழம்புக்கு அந்தச் சுவை வாராது என்பது எங்கள் துணிந்த முடிவு. குழம்பு விரல்களில் வழிந்து மணிக்கட்டுக்கு இறங்கியது. கழுவ அவசரமில்லை, தொடுவதற்குப் பட்டு ஏதுமில்லை.

"எந்த ஊரு பாட்டி?" என்றார் கடைக்கார அம்மாள்.

"ஆரணி."

"அப்ப இது உங்க ஊரு அரிசிதான்!" என்று மூலையிலிருந்த சாக்கினைக் காட்டினார். எங்கள் ஊர் அரிசி ஆலையொன்றின் முத்திரை அதில் இருந்தது. பட்டைப் போலவே அரிசியும் ஆரணியிலிருந்து பல ஊர்களுக்குப் போவதை அறிவோம். ஆயினும் அதனை இன்னொருவர் ஆட்டி, அவித்து, எங்களுக்கே பரிமாறியது புதிது. பிள்ளைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பிள்ளைகளின் தாய் இரண்டு இட்லி உண்டதும், பழக்க தோஷத்தால், குழம்புப் பாத்திரத்தை எடுத்துப் பாட்டிக்கு ஊற்ற எழுந்தார். கடைக்கார அம்மாள் விடவில்லை.

"உக்காருங்க அக்கா. வீட்ல தினம் நீங்க ஊத்துறீங்க. இங்க நான் ஊத்துறேன்."

அவர் அமர்ந்தார். மூன்றாவது இட்லியும் நான்காவதும் சூடாகவே அவர் இலையில் விழுந்தன. ஐந்தாவதை வேண்டாமென்று கையால் மறைத்துவிட்டு, பின்னர் கையை எடுத்துவிட்டார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை. அவர் அமர்ந்து சூடாக உண்பதைக் கடைசியாக எப்போது கண்டோம் என்று எண்ணிப் பார்த்தோம். உறவினர் வீட்டுத் திருமணப் பந்திகளே நினைவுக்கு வந்தன.

பாட்டி கடலையே நோக்கியிருந்தார். உயிர்த்த ஆண்டவர் விடியற்காலையில் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, இரவெல்லாம் வலை வீசிக் களைத்த சீடரை உண்ண அழைத்தாரே, யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில். அதனைத் தமக்கே உரிய முறையில் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார். "அவரே எடுத்துக் குடுத்தாரு, தெரியுமா?" என்று முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

திங்களன்று புதுப் பாவு தறியேறிற்று. வாரநாட்களில் பழையபடியே ஒருவர் மாற்றி ஒருவர் உண்கிறோம், வேறு வழியில்லை. ஞாயிறன்று மட்டும், திருப்பலி முடிந்து வந்ததும் ஐவரும் கூடத்தில் பாய் விரித்து அமர்கிறோம். இட்லிப் பானையும் குழம்புச் சட்டியும் நடுவே வந்துவிடும். இரண்டாம் ஈடு வெந்ததும் தாய் எழப் பார்க்கிறார். மூத்த பெண் முந்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடுகிறாள். சில ஞாயிறுகளில் தாயே முந்திவிடுகிறார்.