புதுசா, பழசைத் தேத்துறதா?

எங்கட வீட்டு டெஸ்க்டொப் மூன்றாம் தலைமுறை ஐ5. 4 ஜிபி ரேம். ஒன் பண்ணிட்டு ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வரலாம்.

"புதுசு எடு மச்சான்" என்று சொல்வது லேசு. 2022இல் சுமார் 200 ரூபாயிலிருந்த டொலர் 360 வரை ஏறிய பிறகு, புதுசு என்பது வாப்பாவிடம் வாய் திறந்து கேட்கிற விலையில் இல்லை. தங்கச்சிட ஏ.எல். டியூஷனும் அதே காசில்தான் ஓடணும்.

உண்மையில் பெட்டியை இழுத்துப் பிடிக்கிறது ப்ரொசசர் இல்லை. சுழல்கிற பழைய ஹாட் டிஸ்க். அதற்குப் பதிலா ஒரு எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கினால், அசைன்மென்ட் டைப் பண்ண, பிடிஎஃப் வாசிக்க தாராளம்.

ஆனால் ஒரு எல்லை இருக்கு. விண்டோஸ் 10க்கான இலவச அப்டேட் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே அதிகாரபூர்வமா ஏறாது. லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷம் ஓட்டலாம்.

டிடிஆர்3 ரேம் புது போர்டில் பொருந்தாது. எஸ்எஸ்டியைக் கழற்றி அடுத்த கொம்பியூட்டரில் போடலாம். அதனால் ரேமை செகண்ட் ஹேண்டில், எஸ்எஸ்டியைப் புதுசா எடுங்க. வீடியோ எடிட்டிங்தான் உங்கட பிழைப்பு என்றால் மட்டும் பழசில் காசைக் கொட்டாதீங்க; சேர்த்து வைத்துப் புதுசையே எடுங்க.