பழைய கணினிக்கு ஏற்ற ஸ்கேனர்

எங்கள் தந்தையார் தருமபுரிப் பக்கமிருந்து பிழைப்பு நாடி அத்திபெலேக்கு வந்தபோது ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்தார். அதில் பாட்டனார் வாங்கிய நிலத்தின் 1968-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரமும், பின்னாளில் அவர் ஊரிலிருந்து எழுதிய கடிதங்களும் இருந்தன. சென்ற மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்தோம். மடிப்புகள் கிழிந்து, மை பரவியிருக்கக் கண்டு என் தாயார் கண் கலங்கினார். பத்திரத்திற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் பெறலாம். கடிதங்களுக்கு யாரிடம் நகல் கேட்பது?

கைபேசியில் படமெடுத்துப் பார்த்தேன். மடிப்பின் நிழல் எழுத்தை மறைத்தது. ஆகவே ஸ்கேனர் வாங்கத் துணிந்தேன். வீட்டில் இருப்பதோ விண்டோஸ் 7 கொண்ட பழைய கணினி. கடைக்காரர் கொடுத்த புதிய கருவியின் யூ.எஸ்.பி. வடம் சரியாகப் பொருந்திற்று. ஆயினும் கணினி அதனை அறிந்துகொள்ளவே இல்லை. "கணினியை மாற்றிவிடுங்கள், சார்" என்றார் அவர். ரயில்வே குமாஸ்தாவின் சம்பளத்தில் அது எளிதோ? கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காரணத்தை விசாரித்தறிந்தேன்.

வடம் வெறும் பாதைதான். கணினிக்கும் ஸ்கேனருக்கும் இடையே 'டிரைவர்' என்னும் மென்பொருள் துபாஷியாக நிற்கிறது. கன்னடமும் தமிழும் கலந்த எல்லையூரில் வாழும் நமக்குத் துபாஷியின் அருமையை விளக்க வேண்டுவதில்லை. புதிய கருவிகள் பலவற்றிற்குப் பழைய விண்டோஸின் பாஷை அறிந்த துபாஷி இல்லை. மேலும், 32-பிட் விண்டோஸுக்கான டிரைவர் 64-பிட் விண்டோஸில் இயங்காது.

எனவே, வாங்குமுன் உங்கள் கணினியின் விண்டோஸ் பதிப்பையும் பிட் கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலுக்கு ஏற்ற டிரைவர் உண்டா என்று பார்த்த பின்னரே பணம் கொடுங்கள். விண்டோஸுக்கு டிரைவர் கிடைக்காவிடில், லினக்ஸில் 'சேன்' என்னும் இலவச மென்பொருள் பழைய ஸ்கேனர்கள் பலவற்றை இயக்கும். நைந்த தாள்களுக்குக் கண்ணாடிமேல் வைக்கும் ஸ்கேனரே உகந்தது. உருளை இழுக்கும் வகை அவற்றைக் கிழித்துவிடக்கூடும். சாதாரண எழுத்துக்கு 300 டி.பி.ஐ. போதும், பொடி எழுத்துக்கு 600 வைக்கலாம்.

நிற்க. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. ஆதலின் அக்கணினியை இணையத்தில் சேர்க்காதீர்கள். டிரைவரை வேறு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவரலாம். எடுத்த படங்களை இரண்டு இடங்களிலாவது சேமித்து வையுங்கள்.

முடிவில் நான் வாங்கியது பிறர் பயன்படுத்திய கேனன் லைட் 110. மின்சாரத்தையும் அதே யூ.எஸ்.பி. வடத்தின் வழியே பெறுகிறது. திரையில் முதல் கடிதம் தோன்றியதும் என் தாயார் அருகே வந்து, "மாமா கையெழுத்துடா!" என்று உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

தகரப் பெட்டி வைத்திருக்கும் அன்பர்களே, அடுத்த மழைக்கு முன் அதைத் திறந்து பாருங்கள்.