பேணுதலும் ஓர் ஆக்கமே

நீர்மூழ்கிக்கு ஆபத்து ஆழத்திலேயே காத்திருக்கின்றது என்பது பொதுவான எண்ணம். ஆயினும், தனிமனிதர் தம் முயற்சியால் உருவாக்கிய ஆரம்பகால நீர்மூழ்கிகள் சிலவற்றின் வரலாறு வேறொன்றைக் கூறுகின்றது. அவற்றைத் தோற்கடித்தது ஆழமன்று; கட்டியிழுத்த கயிறும், மூடாத வாயிலும், பூட்டிய கொட்டிலுமேயாகும்.

மன்செஸ்ரர் நகரின் இளம் கிறிஸ்தவ குருவான ஜோர்ஜ் கரெற், 1879 இல் பேர்க்கன்ஹெட்டில் நீராவியால் இயங்கும் நீர்மூழ்கி ஒன்றைக் கட்டுவித்தார். 'மீண்டெழுவேன்' எனப் பொருள்படும் 'றிசேர்கம்' என்ற இலத்தீன் சொல்லே அதன் பெயர். கடற்படையினருக்குக் காட்டுதற்பொருட்டுப் போட்ஸ்மவுத் நோக்கிச் சென்ற அக்கலம், பழுது பார்ப்பதற்காக வேல்ஸ் கரையிலுள்ள றில் என்னும் ஊரில் தங்கிற்று. 1880 பெப்ரவரியில் நீராவிப் படகொன்று அதனை இழுத்துக்கொண்டு புறப்பட்டது. வழியிற் புயல் வீசிற்று. இழுத்த படகின் இயந்திரமும் பழுதுற்றது. உதவுவதற்காக நீர்மூழ்கியிலிருந்தோர் அப்படகிற்கு மாறினர். நீர்மூழ்கியின் வாயிலையோ வெளியிலிருந்து மூட இயலாது. சாதாரண தோணியின் விளிம்பு நீர்மட்டத்திற்கு மேலே உயர்ந்து நிற்கும். நீர்மூழ்கியின் உடலோ பெரும்பாலும் நீருள்ளேயே கிடக்கும். ஆதலின் வாயிலூடாக அலைகள் புகுந்தன; கயிறறுந்தது; கலம் தாழ்ந்தது.

அயர்லாந்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஆசிரியர் ஜோண் ஹொலண்டின் அனுபவம் இன்னொரு வகையினது. அயர்லாந்தின் விடுதலைக்காக உழைத்த பீனியன் இயக்கத்தாரின் பணத்தில், 1881 இல் அவர் 31 அடி நீளமான நீர்மூழ்கியை நியூயோர்க்கில் அமைத்தார். பின்னர் பணம் தொடர்பாகப் பிணக்கு மூண்டது. 1883 நவம்பரில், அவரது கையொப்பத்தைப் போலியாக இட்ட கடிதத்தைக் காட்டி, இயக்கத்தார் துறையில் நின்ற கலத்தையும் 16 அடி நீளமான சிறிய கலமொன்றையும் இரவோடிரவாக இழுத்துச் சென்றனர். சிறிய கலத்தின் வாயில் செவ்வனே மூடப்படவில்லை. அது கிழக்காற்றில் மூழ்கிற்று. பெரியது நியூ ஹேவன் சேர்ந்தது. ஆயின் அதனை இயக்கத் தெரிந்தவர் அங்கு எவருமிலர். ஹொலண்டும் அவர்களுடனான தொடர்பை முறித்துக்கொண்டார். கலம் கொட்டிலொன்றில் முடங்கிற்று.

கலத்தைக் கவர்ந்தவர்கள் அதனை ஆக்கிய அறிவைக் கவரவில்லை. அவ்வறிவு ஹொலண்டுடனேயே இருந்தது. 1900 இல் அவரது பிற்காலக் கலமொன்றை அமெரிக்கக் கடற்படை விலைக்கு வாங்கிற்று. கொட்டிலிற் கிடந்த கலமோ 1916 இல் அயர்லாந்து மக்களுக்கான நிதிசேர்ப்பில் ஒரு காட்சிப்பொருளாயிற்று. இன்று அது பற்றர்சன் நகர நூதனசாலையில் உள்ளது.

ஒன்றை ஆக்குவோர் அது இயங்கும் கணத்தையே கனவு காண்கின்றனர். ஆனால் எக்கலமும் தன் வாழ்நாளிற் பெரும்பகுதியை நின்றபடியே கழிக்கின்றது. அவ்வேளையில் வாயிலை மூடுபவர் யார், காவல் நிற்பவர் யார், உரிமை யாருடையது என்னும் வினாக்களுக்கு முன்கூட்டியே விடை காணாத முயற்சி, எத்துணை அரியதாயினும் அரைகுறையே. கலங்களுக்கன்றி, மனிதர் கூடி அமைக்கும் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். 1995 இற் கண்டுபிடிக்கப்பட்ட றிசேர்கம், சட்டத்தின் பாதுகாப்புடன் இன்றும் கடலடியிலேயே கிடக்கின்றது. மீண்டெழுவேன் என்ற பெயர் மட்டுமே எழுந்து நிற்கின்றது.