பெயிண்ட் நிற்காத சுவர்

சாங்கி கிராமத்தில் பழைய கடை என்று ஒன்றும் மிஞ்சவில்லை. 1971ல் பிரிட்டிஷ் ராணுவம் மூட்டை கட்டியது. அதை நம்பியிருந்த வியாபாரம் படுத்தது. எழுபதுகளில் வீவக புளோக்குகள் எழும்பின. நாசி லெமாக்குக்கு வரிசையில் நிற்கலாம், தடவிப் பார்க்கப் பழைய சுவர் கிடைக்காது. எனக்கோ பழைய சுவர்ப் பைத்தியம். அதற்குத் தேக்காவுக்குத்தான் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

பழைய கட்டடம் என்றால் எல்லாரும் முகப்பைத்தான் படம் பிடிக்கிறார்கள். அங்கே கெர்பாவ் ரோட்டில் 1900ல் கட்டிய டான் டெங் நியா வீட்டின் முன்னால் எந்நேரமும் கூட்டம். மிட்டாய் ஆலை முதலாளியின் வீடு. இன்று வீடே மிட்டாய் நிறத்தில் நிற்கிறது. அவ்வளவு வண்ணம் தேவையா என்பது என் கேள்வி.

கடைவீட்டின் சூட்சுமம் பக்கச் சுவரில் இருக்கிறது. இரண்டு கடைக்கும் பொதுவான செங்கல் சுவர். உத்தரம் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போகும். மரம் எட்டும் தூரம்தான் கடையின் அகலம். அதனால் வாசல் குறுகல், உள்ளே போகப் போக நீளம். முன்னால் கூரையிட்ட நடைபாதை, அதாவது அஞ்சடி, வேண்டும் என்பது 1822ல் ராஃபிள்ஸ் போட்ட உத்தரவு.

அந்த உத்தரவுக்கு முன்பே செங்கல்லுக்கு வழி செய்தவர் நம்மவர். 1819ல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, தஞ்சோங் பகாரில் சூளை போட்டு, கொத்தனாரையும் தச்சரையும் பினாங்கிலிருந்து வரவழைத்தார். பிறகு சிராங்கூன் ரோட்டில் அரசாங்கச் சூளை வந்தது. மண் பிசைந்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். அவர்கள் அறுத்த கல்லுக்கு 1867ல் ஆக்ரா கண்காட்சியில் பதக்கம்! செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியதும் அவர்கள்தான். அதன் பூச்சில் கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். ஊரில் செட்டிநாட்டுச் சுவரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

தேக்காவில் இன்று நிற்கும் கடைகள் பெரும்பாலும் கைதிகள் போன பிறகு எழுந்தவை. ஆனால் செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பும் முறை மாறவில்லை. அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். மேலே பிளாஸ்டிக் பெயிண்டை அடித்து அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று, பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும்.

ஒரு பூக்கடை அஞ்சடியில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. விரல் வைத்ததும் உதிர்ந்தது. உள்ளே சிவப்பாகக் கல்.

“எத்தனை தடவ அடிச்சாலும் நிக்க மாட்டேங்குது தம்பி” என்றார் கடைக்காரர்.

“சுண்ணாம்பு அடிச்சுப் பாருங்கண்ணே.”

“அதுக்கு இங்க ஆளு எங்க? நீங்க வந்து அடிக்கிறீங்களா?”