சருகு அள்ளும் பொறி

மாசி, பங்குனித் திங்கள்களில் வேம்பும் புங்கையும் இலையுதிர்க்கும். திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பகுதியில் மகிழுந்தும் சரக்குந்தும் மோட்டார் சைக்கிளும் நாள்தோறும் பிறக்கின்றன. எனினும், ஆலை வளாகங்களின் அகன்ற புல்வெளிகளில் விழுந்த சருகை ஈர்க்குமாற்றால் கூட்டி அள்ளும் பெண்களைப் பல இடங்களில் காணலாம். குனிந்த முதுகு நிமிர நெடுநேரம் ஆகும் வேலை அது.

அவ்வேலையை டிராக்டர் செய்யாதா என்னும் வினாவுக்கு விடை, சிறிய பட்டறை ஒன்றிலேயே கிடைத்துவிடும். டிராக்டரின் பின்புறத்தில் ஆற்றலை வெளியே தரும் தண்டு ஒன்று உண்டு. பெரும்பாலான டிராக்டர்களில், இயந்திரம் உரிய வேகத்தில் ஓடும்போது அத்தண்டு நிமிடத்திற்கு 540 முறை சுழலும். நைலான் தூரிகை பதித்த உருளையை அதனுடன் இணைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால், தண்டு முன்பின்னாகக் கிடக்கிறது. உருளையோ குறுக்காகக் கிடக்க வேண்டும். வேகமும் மிகுதி. விட்டம் 40 செ.மீ. உள்ள தூரிகை அந்த வேகத்தில் சுழன்றால் அதன் நுனி நொடிக்கு 11 மீட்டர் பாயும். சருகோடு புல்லும் பறிபோகும்.

இவ்விரு சிக்கலுக்கும் தீர்வு பழைய இரும்புக் கடையில் கிடக்கிறது. உடைத்து விற்கப்பட்ட வண்டியின் பின்னச்சிலுள்ள ‘டிஃபரன்ஷியல்’ என்னும் பற்சக்கரத் தொகுதி, சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பும்; வேகத்தையும் குறைக்கும். பல் விகிதம் நான்குக்கு ஒன்று எனில் 540 சுற்று 135 ஆகும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அச்சின் ஒரு முனையை அசையாமல் கட்டிவிட்டால் மறுமுனை இருமடங்காக, 270 சுற்றாகச் சுழலும். வளைவில் திரும்பும் வண்டியின் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் உருளுவதற்கென அமைந்த பொறியின் இயல்பு அது. இணைந்த கப்பிகளுள் ஒன்றை மற்றதைப்போல் இருமடங்கு பெரிதாக வைத்தால் மீண்டும் 135 கிடைக்கும். தூரிகையின் நுனி நொடிக்கு 2.8 மீட்டர் செல்லும். மணிக்கு 4 கி.மீ. ஊரும் டிராக்டருக்கு அது போதும். கப்பிகளைச் சங்கிலியால் பிணைப்பதைவிட ரப்பர் பெல்ட்டால் பிணைப்பதே நன்று. கல்லொன்று சிக்கினால் பெல்ட் வழுக்கும்; பற்கள் உடையா.

பழைய வண்டிக்கு இவ்வாறு புதுவேலை தந்தவர்களுள் குஜராத் மாநிலம் அம்ரேலி மாவட்டத்தைச் சேர்ந்த மன்சுக்பாய் ஜகானி குறிப்பிடத்தக்கவர். பள்ளிக் கல்வியை இடையில் விட்டவர் அவர். மாடு வைத்து உழ இயலாத சிறு உழவர்களுக்காக, 1994ஆம் ஆண்டில் புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, அவ்விடத்தில் இரு சக்கரம் கொண்ட அச்சையும் கலப்பை மாட்டும் சட்டத்தையும் பொருத்தினார். ‘புல்லட் சாந்தி’ எனப்பட்ட அக்கருவிக்குப் பின்னாளில் காப்புரிமையும் கிடைத்தது. திருவொற்றியூரில் பல்லாண்டுகள் உருவான புல்லட், 2013 முதல் ஒரகடத்திலும் உருவாகிறது. ஓர் ஆலை ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே அளவில் செய்து தருவதைத் தம் நிலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார் அவர். ஆலையின் வரைபடத்தில் அம்மாற்றத்துக்கு இடமிருக்கவில்லை.

சருகுப் பொறி செய்வோர் மறக்கலாகாத ஒன்று, சுழலும் தண்டின் மீது அமையும் காப்புறை. நொடிக்கு ஒன்பது முறை சுழலும் தண்டில் வேட்டி நுனியோ துப்பட்டாவோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமிராது. வீட்டுத் தயாரிப்புகளில் பலரும் முதலில் கைவிடுவது இவ்வுறையைத்தான். பொறி ஓடுவதற்கு அது தேவையில்லை என்பதே காரணம்.

பொறி ஓடத் தொடங்கிய நாளில் ஈர்க்குமாறு பிடித்த பெண்களின் நிலை என்ன? பத்துப் பேர் ஒரு பகல் முழுதும் செய்ததை ஒருவர் சில மணியில் முடிப்பார். டிராக்டர் ஓட்டும் பயிற்சியை அப்பெண்களுக்கே அளித்தல் முறையாகும். எந்த மரம் எப்போது உதிர்க்கும், எவ்விடத்தில் கல் புதைந்திருக்கும் என்று அறிந்தவர்கள் அவர்களே. ஐப்பசி மழையில் நனைந்த சருகு தரையோடு ஒட்டிக்கொள்ளும்போது தூரிகையை எவ்வளவு தாழ்த்துவது என்பதையும் அவர்களிடமே கேட்க வேண்டியிருக்கும்.