இரும்பின் குரலை அடைக்கலாமா?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றுக்கு மேலே உள்ள புல்மேட்டில் கண்ணில் படுபவை வெள்ளைப் பளிங்குக் கற்கள். 1876 ஜூன் 25 அன்று அமெரிக்கக் குதிரைப்படைத் தலைவர் கஸ்டரும் அவரோடு நின்ற சுமார் 210 பேரும் விழுந்த இடங்கள் என்று 1890இல் அவற்றை நட்டார்கள். எதிரே நின்று போரிட்ட லகோட்டா, செயென் பழங்குடி வீரர்கள் மடிந்த இடங்களில் செந்நிறக் கற்கள் எழ 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மண்ணுக்கு மேலே நடந்த இந்த ஓரவஞ்சனை மண்ணுக்குள்ளும் நடக்கலாம், அதுவும் ஒரு சின்னத் திருகால். கடையில் வாங்கும் மெட்டல் டிடெக்டர் பெரும்பாலும் நாணயம் தேடுபவருக்கு ஏற்ற செட்டிங்கோடு வருகிறது. இரும்பு தட்டுப்பட்டால் வாய் திறக்காது, செம்பும் வெள்ளியும் வந்தால் மட்டும் கூவும். கடற்கரையில் மோதிரம் தேட அது சௌகரியம். பழைய போர்க்களத்தில் அதே செட்டிங்கோடு இறங்கினால் வரலாற்றில் பாதியைக் காலடியில் விட்டுவிட்டு நடக்கிறோம் என்பதே என் வாதம்.

1983 ஆகஸ்டில் ஒரு காட்டுத்தீ இந்த மேட்டின் புல்லை எரித்துத் தரையை வெறுமையாக்கியது. அடுத்த ஆண்டு டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற தொல்லியலாளர்கள் தன்னார்வலர்களைக் கூட்டி முறையான ஆய்வு தொடங்கினார்கள். டிடெக்டர்காரர்கள் ஏறத்தாழ ஐந்து மீட்டர் இடைவெளியில் வரிசை கட்டி நடப்பார்கள். ஒலி வந்த இடத்தில் சிறு கொடி குத்தப்படும். பின்னால் வருபவர்கள் மண்ணை விலக்கிப் பொருளை அசைக்காமல் வெளிக்காட்டுவார்கள். அதற்கும் பின்னால் வருபவர்கள் இடத்தை அளந்து குறித்த பிறகுதான் அது பைக்குள் போகும். வேலையின் கனம் முதல் வரிசைக்காரரின் காதில்தான் இருக்கிறது. அவர் கருவியின் அடியில் உள்ள காயிலைத் தரையை உரசாத அளவுக்குத் தாழ்த்தி, ஒரு வீச்சின் விளிம்பு அடுத்த வீச்சோடு கவியும்படி நிதானமாக ஆட்டிக்கொண்டு போக வேண்டும். வீச்சு முடியும் இடத்தில் கை தன்னையறியாமல் மேலே எழும்பினால் அந்த விளிம்பில் கிடப்பது தப்பிவிடும்.

செட்டிங்கில் முதலில் வருவது மண். மண்ணிலுள்ள இரும்புத் தாதுவும் கருவிக்கு ஒலியாகவே கேட்கும். அதனால் உலோகம் இல்லாத இடமாகப் பார்த்துக் காயிலை மேலும் கீழும் ஆட்டி, மண்ணின் குரல் அடங்கும்வரை கிரவுண்ட் பேலன்ஸைச் சரிசெய்கிறார்கள். அடுத்தது சென்சிட்டிவிட்டி. அதை உச்சத்துக்கு ஏற்றினால் ஆழம் கூடும் என்பது புதிதாக வருபவர்களின் ஆசை. கருவி ஓயாமல் பிதற்றும்போது ஆழத்தில் கிடக்கும் தோட்டாவின் மெல்லிய ஒலி அந்த இரைச்சலில் கரைந்துபோகும். பிதற்றல் நிற்கும் அளவுக்குக் குறைப்பதே லாபம். மூன்றாவதுதான் வினையே: எந்த உலோகத்தை ஒதுக்குவது என்று தீர்மானிக்கும் டிஸ்கிரிமினேஷன். ஒரு ஆணியும் செப்புத் தோட்டாக்கூடும் விரல் நீள இடைவெளியில் கிடந்தால், இரும்பை ஒதுக்கச் சொன்ன கருவி ஆணியின்மேல் மௌனமாகும். அந்த மௌனத்திலிருந்து அது மீள்வதற்குள் காயில் தோட்டாவைத் தாண்டிவிடும். அதாவது நாம் வேண்டாமென்ற இரும்பு, வேண்டுமென்றதையும் சேர்த்து மறைக்கிறது. இரும்புக்கு ஒரு தாழ்ந்த ஒலியைக் கொடுத்துத் திறந்தே வைத்து, மீளும் வேகத்தைக் கூட்டி, ஐந்தாறு அங்குலச் சிறு காயிலை மாட்டினால் கட்டைக் குரலுக்குப் பக்கத்தில் ஒரு கீச்சு தனியாகப் பிரிந்து கேட்கும்.

லிட்டில் பிக்ஹார்னில் இரும்பைத் திறந்துவைப்பதன் மதிப்பு வேறு எந்த இடத்தையும்விடத் தெளிவாகத் தெரிகிறது. குதிரைப்படையின் ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைன்களும் எதிர்த்தரப்பின் கையிலிருந்த ஹென்றி, வின்செஸ்டர் துப்பாக்கிகளும் விட்டுப்போன தோட்டாக்கூடுகள் செம்பும் பித்தளையும். ஒவ்வொரு துப்பாக்கியின் ஊசியும் கூட்டில் தனக்கே உரிய தடத்தைப் பதிப்பதால், நுண்ணோக்கியில் ஒப்பிட்டு ஒரே துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றே வரைபடமிட முடிந்தது. கஸ்டர் குன்றில் கட்டுக்கோப்பாக நின்று கடைசிவரை போரிட்டார்கள் என்ற புகழ்பெற்ற சித்திரத்தை ஃபாக்ஸ் கேள்வி கேட்டதும், பல்லாண்டுகள் ஏளனமாகப் பார்க்கப்பட்ட லகோட்டா, செயென் முதியவர்களின் வாய்மொழிச் சாட்சியத்தை ஆய்வாளர்கள் மதிக்கத் தொடங்கியதும் இந்தத் தடங்களின் பலத்தில்தான். ஆனால் அவ்வீரர்கள் எல்லோரிடமும் துப்பாக்கி இருக்கவில்லை. பலர் வில்லேந்தி வந்தார்கள்; அம்பு முனை தகட்டு இரும்பு. இரும்பை ஒதுக்கிய கருவிக்கு வில்லேந்தியவன் களத்திலேயே இல்லை.

ஒலிக்கும் ஒவ்வொரு ஆணியையும் தோண்டிக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது என்பார்கள். உண்மைதான். ஆனால் கேட்பது வேறு, தோண்டுவது வேறு. ஆணிகள் குவிந்து ஒலிக்கும் இடம் சாய்ந்துபோன மரவீடாகவும் இருக்கலாம். அதைக் குறித்துவைக்கவாவது காது திறந்திருக்க வேண்டும். திரையில் தெரியும் எண்ணே உலோகத்தைச் சொல்லிவிடுகிறதே என்ற வாதமும் நிற்காது. ஆழம், மண், பொருள் கிடக்கும் வாக்கு மாறினால் எண்ணும் மாறும். துருவேறிய அகன்ற தகடு வெள்ளிபோல ஒலித்து ஏமாற்றும். தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடி வீசினால்தான் குட்டு உடையும்.

இங்கிலாந்தின் பாஸ்வொர்த்தைக் காட்டுபவர்களின் மறுப்பே வலுவானது. 1485இல் மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் மடிந்த களம் எதுவென்ற பழைய வழக்கை முடித்தவை முப்பதுக்கு மேற்பட்ட ஈயக் குண்டுகளும், அவர் சின்னமான காட்டுப்பன்றி பொறித்த, பொன்முலாம் பூசிய ஒரு வெள்ளி வில்லையும். இரும்பு அங்கே தேவைப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நூற்றாண்டுகளாக உழுத நிலம் கலப்பைத் துண்டும் லாடமுமாக நிறைந்திருக்கும். கேள்வியும் களம் எங்கே என்பதுதான். அதற்கு ஈயம் போதும். ஆனால் நீள்வில்லாளர்களின் அம்பு முனை இரும்பு. அவர்கள் எங்கே அணிவகுத்தார்கள் என்று கேட்கப்போனால் ஈயத்தின் வரைபடத்தில் அம்பு இல்லாததை வைத்து எதையும் தீர்க்க முடியாது. எனவே எந்த செட்டிங்கும் தன்னளவில் பாவமல்ல. அதைக் குறித்துவைக்காமல் போவதுதான் பாவம். இவ்வளவும் அனுமதி பெற்ற ஆய்வுக்கு. லிட்டில் பிக்ஹார்னில் ஒரு தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதும் குற்றம். கொடி குத்திய இடத்தின் தூரமும் ஆழமும் ஏறும் அதே தாளில், அன்று இரும்பு திறந்திருந்ததா அடைத்திருந்ததா என்று ஒரு கட்டம் இருந்தால், முப்பது ஆண்டு கழித்து அதைப் படிப்பவருக்கு வரைபடத்தில் உள்ள வெற்றிடம் உண்மையான வெறுமையா, கேட்காமல் விட்டதா என்று தெரியும்.