ஐயாவுக்குச் சீனி இருந்ததோ?

"தாய் தகப்பன், சகோதரங்களில ஆருக்கும் சீனி, பிரஷர், ஹார்ட் வருத்தம் இருக்கோ?"

படிவத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தாதிப்பிள்ளை கேட்டுக்கொண்டு போனார். எனக்கு முன்னால் வாங்கில் இருந்தவர் தேறாங்கண்டல் பக்கத்து அம்மா ஒருவர். அறுபது தாண்டியிருக்கும். மடியில் பொலித்தீன் பையால் சுற்றிய கிளினிக் கொப்பி. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"ஐயா ஷெல்லில போனவர் பிள்ளை. அம்மா காய்ச்சலில. அண்ணன் காணாமல் போனவன். சீனி வாற வயசுக்கு எங்கட வீட்டில ஒருத்தரும் இருக்கேல்லை."

பேனை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு 'தெரியாது' என்று எழுதினார். வேறென்ன எழுதுவது? என்னுடைய முறை வந்தபோதும் அதே சொல்தான் விழுந்தது. இது நடந்தது 2021இல், எனக்கு 52 வயது. அன்றைக்குத்தான் எனக்கும் சீனி என்று கண்டுபிடித்தார்கள். மெற்போமின் குளிசைப் பையோடு துணுக்காய்க்குத் திரும்பி வரும்போது சீனியைவிட அந்தத் 'தெரியாது' தான் மனதில் கிடந்து உருண்டது.

என் ஐயா 1985ஆம் ஆண்டு மாரியில், வயலுக்குத் தண்ணி கட்டப் போன இடத்தில், கண்ணாடிப் புடையன் கடித்து இறந்தார். 41 வயது. அவருடைய தகப்பன், வவுனிக்குளத்துக் குடியேற்றத்துக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டி படுக்கையோடு வந்த மனிசன், நான் பிறக்க முதலே 1968இல் மலேரியாவில் போய்விட்டார். அதிலும் ஒரு கொடுமை இருக்கிறது. டி.டி.ரி. மருந்து அடித்து மலேரியாவை இந்த நாட்டில் கிட்டத்தட்ட ஒழித்தே விட்டிருந்தார்கள். 1963இல் முழு இலங்கைக்குமே பதிவானது வெறும் 17 பேர். அந்த நம்பிக்கையில்தான் சனம் காடு வெட்டிக் கழனி ஆக்க வந்தது. ஐந்தாறு வருசத்தில் காய்ச்சல் திரும்பி வந்து இலட்சக்கணக்கில் பிடித்தது. அப்பப்பா அதில் ஒருவர். மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் எங்களுக்குச் சான்று தந்தது 2016இல்.

இவர்கள் இருவருடைய இரத்தத்திலும் சீனி ஒளிந்து கிடந்ததா? பாம்புக்கும் நுளம்புக்கும்தான் வெளிச்சம்.

பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பித்தவன் நான். பரம்பரையலகு என்றுதான் எங்கள் பாடப்புத்தகம் சொல்லும். தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளில் மரபணு. எந்தப் பெயரில் சொன்னாலும், அது ஐம்பதில் காட்டவேண்டியதைக் காட்ட ஆள் ஐம்பது வரைக்கும் உயிரோடு இருக்கவேண்டும். பிரித்தானிய உயிரியலாளர் பீற்றர் மெடவர் 1952இலேயே மூப்பைப் பற்றி இப்படி ஒரு விளக்கம் சொன்னார்: இளமையில் கொல்கிற அலகை இயற்கை சலித்து எறிந்துவிடும், பிள்ளை பெற்ற பிறகு தீங்கு செய்கிற அலகை அது கண்டுகொள்ளாது. அப்படி ஒன்று எங்களுக்கு மிகக் கிட்டவே இருக்கிறது. இதயத் தசையில் உள்ள ஒரு புரதத்துக்கான அலகில் 25 எழுத்துகள் விடுபட்டுப் போன ஒரு பிழை. இளம் வயதில் ஓடலாம், மூட்டை தூக்கலாம், ஒன்றும் தெரியாது. நடுவயது தாண்ட இதயம் தளரத் தொடங்கும். இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நாலு பேரளவில் இது இருக்கிறதாம், இலங்கையிலும் கண்டிருக்கிறார்கள். கண்டுபிடித்த குழுவில் முன்னின்றவர்கள் மதுரையில் இருந்த தண்டபாணி, ஐதராபாத்தில் இருந்த தங்கராஜ். கட்டுரை வெளியானது 2009 ஜனவரியில். அந்த ஜனவரியில் நாங்கள் விசுவமடுவில் பதுங்குகுழிக்குள் இருந்தோம். ஐம்பது வயதில் இதயம் என்ன செய்யும் என்று அங்கே ஆரும் யோசித்ததாக நினைவில்லை.

எங்கள் ஒழுங்கையில் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். அம்மாவின் மூத்த தமக்கை. 91 வயது. வெற்றிலை வாயை விட்டுப் போகாது. பின்னேரம் அரைச் சுருட்டு, ஒருத்தருக்கும் தெரியாது என்ற நினைப்பில். கண்ணாடி இல்லாமல் அரிசியில் கல் பொறுக்குவா. நான் நடைப்பயிற்சி என்று வெளிக்கிட்டால் பக்கத்து வீட்டுத் தம்பி வேலிக்கு மேலால் கத்துவான்: "மாஸ்டர், ஏன் சும்மா கால் நோக நடக்கிறியள்? கிழவியைப் பாருங்கோ. எல்லாம் பரம்பரை!"

பெரியம்மாவையே ஒரு நாள் கேட்டேன். "எங்கட ஆக்கள் எல்லாம் நீண்ட ஆயுளோ பெரியம்மா?" அவ பாக்கை வெட்டிக்கொண்டே விரல் மடித்தா. தன்னோடு சேர்த்துப் பிறந்தது எட்டு. இரண்டு தொட்டிலிலேயே. ஒன்று காய்ச்சல். ஒருத்தி பிள்ளைப்பேற்றில். ஒருத்தன் கிணறு வெட்டும்போது மண் சரிந்து. யுத்தத்தில், மாத்தளனில் ஒருத்தன். பிறகு என் அம்மா, மார்பில் கட்டி. "மிச்சம் நான்" என்றுவிட்டு வெற்றிலையை வாயில் வைத்தா. எட்டில் ஒன்றைக் காட்டித்தான் பக்கத்து வீட்டுத் தம்பி பரம்பரை பேசுகிறான்.

டென்மார்க்கில் நூறு வருசத்துக்கு மேலாக இரட்டையர்களின் பிறப்பு இறப்பெல்லாம் ஏட்டில் இருக்கிறது. 1870க்கும் 1900க்கும் இடையில் பிறந்தவர்களை எடுத்துக் கணக்குப் பார்த்து, ஆயுள் வேறுபாட்டில் ஏறக்குறையக் கால் பங்குதான் பரம்பரையால் என்று 1996இல் எழுதினார்கள். பின்னால் வேறு கணக்குகளும் வந்து கூட்டியும் குறைத்தும் சொல்கின்றன. படிப்பிக்கும்போது இந்த இடத்தில் பிள்ளைகள் எப்போதும் வழுக்குவார்கள்: என் ஆயுளில் கால்வாசி அப்பா தந்தது, முக்கால்வாசி நான் தேடியது என்று. அப்படி இல்லை. ஒரு சனக்கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தை அளக்கிற அளவு அது. கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சாப்பாடும் மருந்தும் அமைதியும் கிடைக்கிற ஊரில், மிச்சமிருக்கிற வித்தியாசத்தில் பெரும்பங்கு பரம்பரையுடையதாகத் தெரியும். முள்ளிவாய்க்காலில் அதே கணக்கைப் போட்டிருந்தால் பரம்பரைக்கு என்ன பங்கு வந்திருக்கும்?

'வாழ்க்கைமுறைத் தெரிவு' என்று சுகாதாரத் துண்டுப்பிரசுரங்களில் அடித்திருக்கும். தெரிவு என்ற சொல்லைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். தொண்ணூறுகளில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் மருந்துக்குச் சொட்டு விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிளின் புகை இன்னும் மூக்கில் இருக்கிறது. மற்றவர்களுக்கெல்லாம் சைக்கிள். மல்லாவிச் சந்தைக்குச் சைக்கிள், படிப்பிக்கப் போகச் சைக்கிள், செத்தவீட்டுக்குச் சைக்கிள், வருத்தக்காரரை ஏற்றவும் சைக்கிள். சீனி விலை தொட ஏலாது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி. காலமை குரக்கன் பிட்டு, மத்தியானம் சிவத்தப் பச்சையரிசிச் சோறும் முருங்கை இலையும், வாய்த்தால் குளத்து விரால். இன்றைக்கு உணவு ஆலோசகர் காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருகிற பட்டியல் இதுதான்! அப்போதைய படம் ஒன்று வீட்டில் தப்பிக் கிடக்கிறது. அதில் நிற்கிற ஒருவருக்கும் வயிறு இல்லை.

இதே காலத்தில் கியூபாவும் இப்படித்தான் இருந்தது. சோவியத் உடைந்து எண்ணெய் நின்றது. பத்து இலட்சத்துக்கு மேல் சைக்கிள் கொடுத்தார்கள். 1991க்கும் 1995க்கும் இடையில் ஆளுக்குச் சராசரி ஐந்தரைக் கிலோ இறங்கியது. பின்னால் சீனியாலும் இதய நோயாலும் செத்தவர்கள் தொகை இறங்கியது. சாப்பாடும் பஸ்ஸும் திரும்பி வர, உடம்பும் வருத்தமும் திரும்பி வந்தன. இதைப் படித்துவிட்டு 'தடை நல்லதுதானே' என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் அந்த நேரம் வன்னியில் இருக்கவில்லை. அதே கியூபாவில் ஐம்பதினாயிரம் பேரளவில் போசாக்கில்லாமல் கண் நரம்பும் கால் நரம்பும் கெட்டுப்போன கதையை அவருக்குச் சொல்லவேண்டியிருந்தது.

எனக்குச் சொல்ல அதைவிடக் கிட்டிய கதை ஒன்று இருந்தது. அதை அவருக்குச் சொல்லவில்லை.

என் மகள் 1997இல் பிறந்தவள். மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருந்த மாதங்களில் பால்மா கிடையாது, முட்டை இருந்தால் உண்டு. பிள்ளை இரண்டு கிலோ முந்நூறு. மருத்துவிச்சி தராசை இரண்டு தரம் பார்த்தா. "சின்னப்பிள்ளை, ஆனால் கெட்டிக்காரி" என்றா. அந்த ஒரு வசனம் எங்களுக்குப் போதுமாக இருந்தது. பல வருசம் கழித்துத்தான் ஒல்லாந்தின் பஞ்சக் குளிர்காலம் பற்றிப் படித்தேன். 1944 கடைசியில் ஜேர்மன் படை உணவை மறிக்க, மேற்கு ஒல்லாந்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிக்கும் குறைவாகப் பங்கீடு இறங்கியது. அந்த நேரம் கருவில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதில் சோதித்தால் இரத்தத்தில் சீனியைச் சமாளிக்கும் சக்தி குறைவு. கரு உண்டாகும்போதே பசியில் அகப்பட்டவர்களை அறுபது வயதளவில் பார்த்தபோது, வளர்ச்சி சம்பந்தப்பட்ட ஓர் அலகின் மேல் இருக்கவேண்டிய வேதிக் குறிகள், பசி காணாத அவர்களுடைய உடன்பிறப்புகளைவிடக் குறைவாக இருந்தன. அலகின் எழுத்து மாறவில்லை. அதை வாசிக்கிற விதம் மாறியிருந்தது.

பூனாவைச் சுற்றிய ஊர்களில் மருத்துவர் யாஜ்னிக் நடத்திய ஆய்வும் இதே பக்கம்தான் காட்டுகிறது. அங்கே பிறந்த குழந்தை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தில் 3.5. தசை குறைவு, ஆனால் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த கொழுத்த பிள்ளை. பசிக்குத் தயாராக வந்த உடம்பு.

பசிக்குத் தயாரான உடம்புக்குப் பிறகு என்ன கிடைத்தது என்றும் சொல்லவேண்டும். யுத்தம் முடிந்து, 2009 கடைசியில் செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பினோம். தகரமும் தறப்பாளும் நிவாரணமும். நிவாரணம் என்றால் கோதுமை மா, வெள்ளை அரிசி, பருப்பு, சீனி, எண்ணெய். உயிரைப் பிடித்து வைத்தது அதுதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மூன்று நேரமும் ரொட்டி என்ற பழக்கம் அடுப்படியில் தங்கிவிட்டது. பிறகு தெருவுக்குக் காபட் விழுந்தது, லீசிங்கில் மோட்டார் சைக்கிள் வந்தது, வயலுக்கு வெட்டு மிஷின் வந்தது. காலமையும் பின்னேரமும் பேக்கரி ஓட்டோ பீத்தோவனின் மெட்டை இழுத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழையும். பீத்தோவன் என்று எங்கள் சனத்துக்குத் தெரியாது. மாலுபாண் என்றுதான் தெரியும்.

அண்ணர் 1989இல் கனடா போனவர், ரொறொன்ரோவில் இருக்கிறார். அவருக்குச் சீனி 44 வயதில். "இரவு வேலை, குளிர், காருக்குள்ள இருந்து சாப்பாடு, அதாலதான்ரா" என்று வட்சப்பில் சொல்லுவார். "நீ ஊரில, நல்ல காத்து, நல்ல சாப்பாடு. உனக்கு வராது." வயதுக் கணக்கில் எட்டு வருசம் பிந்தி எனக்கும் வந்தது. ஒரே தாய் தகப்பன், அது ஒரு பக்கம். மற்றப் பக்கம், நான் ரொறொன்ரோவுக்குப் போகாவிட்டாலும் ரொறொன்ரோ ஓட்டோவில் ஏறித் துணுக்காய்க்கு வந்திருந்தது. எந்தப் பக்கம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க என்னிடம் தராசு இல்லை. மாவையும் தண்ணியையும் பிசைந்த பிறகு ரொட்டியில் எது தண்ணி என்று கேட்கிற மாதிரி.

அதற்காக நடக்காமல் விடவில்லை. சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் குழு, சீனி வரும் விளிம்பில் நின்ற 531 பேரை எடுத்து ஏறக்குறைய இரண்டரை வருசம் பின்தொடர்ந்து 2006இல் முடிவு சொன்னது. வழமையான ஆலோசனையோடு விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சீனி வந்தது. நடக்கவும் சாப்பாட்டைத் திருத்தவும் விடாமல் தூண்டப்பட்டவர்களில் 39 பேருக்கு. நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பியிருக்கிறார்கள் என்றால் அது பெரிய விசயம். ஆனாலும் என் மனம் அந்த 39 பேரிடம்தான் போகும். அவர்களும் நடந்தவர்கள்தான். கிளினிக்கில் "வாயைக் கட்டினால் வந்திருக்காது" என்று ஆராவது சொல்லும்போது, தலை குனிந்திருக்கிற தேறாங்கண்டல் அம்மாமாரை நினைத்துக்கொள்வேன்.

இப்போது காலமை ஐந்தரைக்கு ரோட்டில் இறங்குகிறேன். அதற்கு முதல் இறங்கினால் யானை. மனைவி குரக்கனைத் திரும்ப வாங்கத் தொடங்கியிருக்கிறா; கிலோ விலையைக் கேட்டால், தடைக்காலத்தில் ஏழைச் சாப்பாடாக இருந்தது இதுதானா என்று இருக்கும்.

போன மாதம் மகள் வவுனியாவிலிருந்து எடுத்தாள். இரண்டாம் மாதம். எனக்குச் சந்தோசம் தொண்டையில் நின்றது. பெண்பிள்ளைக்கு உரிய முட்டைகள் எல்லாம் தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போதே உருவாகிவிடும் என்று எத்தனை வகுப்புக்குப் படிப்பித்திருப்பேன். வரப்போகிற பேரப்பிள்ளையின் பாதி, 1997இல் என் மனைவியின் வயிற்றில் அந்தப் பனங்கட்டித் தேத்தண்ணியில் பங்கு வாங்கியிருக்கிறது.

"அப்பா, சீனித்தண்ணி தந்து குடிக்கச் சொல்லி ரெஸ்ட் பண்ணினவை. நல்லாத்தான் இருக்காம். மிட்வைஃப் அட்டை நிரப்பவேணுமாம். உங்களுக்கு எத்தினையாம் வயசில வந்தது?"

"ஐம்பத்திரண்டு."

"பெரியப்பாவுக்கு?"

"நாப்பத்துநாலு."

அந்தப் பக்கம் பேனை ஓடுகிற சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது.

"அப்பப்பாவுக்கு? தெரியாது எண்டு எழுதட்டோ?"

"எழுதாத. நாப்பத்தொரு வயசு வரைக்கும் இல்லை எண்டு எழுது."